நாலு மாத இரத்தம்

பத்மாசனியின் உயிர் அப்புத்துரையின் இரத்தத்தால் திரும்பி வந்தது. இது அந்தக் குடியேற்றத் திட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் வீட்டில் அந்த நன்றியை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவள் தென்மராட்சியில் பிறந்தவள். மயில்வாகனத்துக்கு வாழ்க்கைப்பட்டு, அறுபதாம் ஆண்டளவில் நெடுங்கேணிக்கு அப்பால், குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் கொடுத்த வயற்காணிக்கு வந்து சேர்ந்தாள். லொறியில் அம்மி வந்தது, ஆட்டுக்கல் வந்தது, மாமியார் அன்னபாக்கியமும் வந்தாள். ஆனையிறவில் உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது மாமியார் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கவேண்டிய ஒரு சாமானும் அந்த லொறியில் இருந்தது. சாதி என்று அதற்குப் பெயர். அதை மட்டும் ஒரு கீறல் படாமல் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அதே ஊரிலிருந்து அப்புத்துரையும் வந்திருந்தான். அவனுடைய தகப்பனும் தகப்பனின் தகப்பனும் இவர்கள் வளவில் வேலை செய்தவர்கள். அரசாங்கத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மயில்வாகனத்துக்குக் கொடுத்த அளவு காணியையே அவனுக்கும் வாய்க்காலின் கடைசியில் கொடுத்தது. அன்னபாக்கியத்துக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. காணிக்காரனாகிவிட்டாலும் அவள் முற்றத்தில் அவனுக்குத் தேத்தண்ணி சிரட்டையில்தான். அவன் குடித்துவிட்டுச் சிரட்டையை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டுப் போவான். பத்மாசனியே எத்தனையோ தரம் கை படாமல் ஊற்றியிருக்கிறாள். அதில் ஒரு பிழை இருப்பதாக அவளுக்கு அப்போது தோன்றியதில்லை.

ஆனி மாதம் அவளுக்கு வீட்டிலேயே பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை, நல்ல கனம். பிள்ளை வந்த பிறகு இரத்தம் நிற்கவில்லை. பாயும் சேலையும் நனைந்து, திட்டுத் திட்டாய் நிலத்தில் படிந்தது. சங்கத்து உழவு மெசினை ஓட்டத் தெரிந்தவன் அப்புத்துரை ஒருவன்தான். மெசினுக்குப் பின்னால் கொளுவிய பெட்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தி, காட்டுப் பாதையில் குலுங்கக் குலுங்கப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மயில்வாகனமும் பக்கத்துக் காணியில் இருந்த அவன் தம்பிமார் இரண்டு பேரும் பெட்டியில் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

டாக்குத்தர் இளம் ஆள். உடனே இரத்தம் ஏற்றாவிட்டால் பிழைக்கமாட்டாள் என்றார். மயில்வாகனத்தின் இரத்தத்தில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் அவளுடையதோடு சேர்த்துப் பார்த்தார். திரைந்த பால்போலத் திரிதிரியாய்க் கூடி நின்றது. இது ஏறினால் ஆளைக் கொன்றுவிடும் என்று துடைத்தெறிந்தார். தம்பிமாரில் ஒருவனுக்குப் போன மாதம்தான் காய்ச்சல் வந்ததாம். மற்றவன் தேத்தண்ணி குடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. இரத்தம் கொடுத்தால் ஆண்பிள்ளை உளுத்துப்போவான் என்று அந்தக் காலத்தில் ஒரு பயம். அப்புத்துரை யாரும் கேட்காமலே சட்டைக் கையை உருட்டிக்கொண்டு வந்து நின்றான். அவனுடைய சொட்டு அவளுடையதோடு கலங்காமல் கலந்தது.

டாக்குத்தர் புருஷன்காரனைப் பார்த்தார். மயில்வாகனம் இரண்டு கைகளையும் கூப்பினான்.

"ஆற்றை இரத்தமெண்டாலும் பறவாயில்லை ஐயா. ஏத்துங்கோ."

அந்த நேரத்தில் அவன் மனிதனாக இருந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தம்பிமார் முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதையைச் சொல்லிவிட்டார்கள். அன்னபாக்கியம் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். மருமகள் பிழைத்ததற்கு அழுதாள், பிழைத்த விதத்துக்கும் அழுதாள். பிறகு மகனைக் கூப்பிட்டு, அந்த இரத்தம் உடம்பில் எவ்வளவு காலம் நிற்குமென்று டாக்குத்தரிடம் கேட்டு வரச் சொன்னாள். பிள்ளை பெற்ற தீட்டான துடக்குக்கு முப்பத்தொரு நாள், செத்த வீட்டுத் துடக்குக்கும் முப்பத்தொரு நாள். தொடங்குகிற எந்தத் துடக்குக்கும் ஒரு கழிவு நாள் இருக்கவேண்டும் என்பது அவளுடைய கணக்கு.

டாக்குத்தர், பாவம், பெண்சாதியில் பாசமுள்ள மனுஷன் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டார். கதிரையை இழுத்துப் போட்டு அவனை இருத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினார்.

"எங்கடை உடம்பு முழுக்கக் கலங்களாலை ஆனது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிருள்ள துண்டுகள். இரத்தத்தைச் சிவப்பாக்கிறது செங்குழியம் எண்ட கலம். அது நாலு மாதம்போலைதான் இருக்கும், பிறகு அழிஞ்சுபோம். எலும்புக்குள்ளை இருக்கிற மச்சை புதிசு புதிசாச் செய்துகொண்டே இருக்கும். நீர் பயப்பிடாதையும். நாலு மாதத்திலை அவவின்ரை உடம்பிலை ஓடுறது முழுக்க அவவின்ரை சொந்த இரத்தம்தான்."

மயில்வாகனம் 'நாலு மாதம்' என்ற சொல்லை மட்டும் மடியில் முடிந்துகொண்டு வந்தான்.

பத்மாசனி வீட்டுக்கு வந்தபோது வளவின் மூலையில் கொட்டில் தயாராக இருந்தது. தனிப் பாய், தனிக் கோப்பை. நாலு மாதம் குசினிக்குள் வரக்கூடாது, கிணற்றுக் கப்பியைத் தொடக்கூடாது. மாமியார் கொடுமைக்காரி இல்லை. பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக்கறியை நேரம் தவறாமல் காய்ச்சிக் கொட்டில் வாசலில் வைத்தாள். சுடுதண்ணி வைத்து எட்ட நின்று வார்த்துவிட்டாள். பிள்ளையை மட்டும் கொடுக்கவில்லை.

"பாலெண்டாலும் இரத்தம்தானே பிள்ளை. அவன்ரை வாயிலை அதை வைக்கேலுமோ? நாலு மாதம் கண்ணை மூடி முழிக்கிறதுக்குள்ளை போயிடும்."

பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை அரைத்து மார்பில் கட்டிவிட்டாள். பிள்ளைக்குச் சங்கக்கடைப் பால்மாவும் சூப்பிப் போத்தலும் வந்தன.

பத்மாசனி ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டால், அவளும் அப்படியொரு வீட்டுச் சோற்றில் வளர்ந்த புத்திக்காரிதான். அந்த இரத்தம் ஏறிய முழங்கையைப் பார்க்க அவளுக்கே அருவருத்தது. ஒரு பின்னேரம் மாமியார் வாய்க்காலுக்குப் போன சமயம், பிள்ளை கத்துவது பொறுக்காமல் ஓடிப்போய்த் தூக்கி மார்பில் வைத்தாள். அவன் ஆவலாய்ப் பற்றி இழுத்தான். இரண்டு மிடறு போயிருக்கும். நஞ்சைக் கொடுத்துவிட்ட பயம் வந்து, விரலை விட்டு அவன் வாயைப் பிரித்து எடுத்தவள் அவளேதான். மாமியார் அல்ல, புருஷனும் அல்ல. பிறகு வந்த ஆண்டுகளில் அவள் நெஞ்சைப் போட்டு அரித்தது அந்த விரல்தான்.

அப்புத்துரை ஒருநாள் வேலிப் படலையடியில் வந்து நின்று, தாயும் பிள்ளையும் சுகமோ என்று விசாரித்தான். இது முடியுமட்டும் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று அன்னபாக்கியம் சொல்லியனுப்பினாள். எது முடியுமட்டும் என்று அவனுக்கு விளங்கவில்லை. வேலைக்குக் கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆவணியில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. வாளியில் சேறு கலந்த தண்ணீர்தான் வந்தது. அதை வடித்துப் பால்மா கரைத்தார்கள். புரட்டாதியில் பிள்ளைக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது. ஓமத்தண்ணி கொடுத்தார்கள், மந்திரித்த நூல் கட்டினார்கள். உச்சிக்குழி பள்ளம் விழுந்து, கத்துவதற்கும் சத்தில்லாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். கொட்டிலில் இருக்கச் சொன்னதைக் கேளாமல் பத்மாசனியும் கூடப் போனாள்.

அதே டாக்குத்தர். பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. தாய்ப்பால் கொடுப்பதில்லையா என்று கேட்டார். மயில்வாகனம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த நாலு மாதக் கதையைச் சொன்னான். டாக்குத்தருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. தான் சொன்ன சொல் எங்கே போய் என்ன செய்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பால் வேறை, இரத்தம் வேறை. மார்பிலை இருக்கிற கலங்கள்தான் பாலைச் செய்யிறது. இரத்தம் அதுக்குச் சாமான் கொண்டுவந்து குடுக்கும், அவ்வளவுதான். இதை ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

யார் கேட்பது? தெரிந்துகொள்ள வேண்டியது எவ்வளவு காலம் என்பது மட்டும்தானே. பாலைப் பற்றி அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. பத்மாசனி சுவரோர வாங்கில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மிடறு, நஞ்சு இல்லை. மறுநாள் காலமை பிள்ளை வாட்டில் செத்துப்போனது. அன்னபாக்கியம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத அழுகை உண்மையான அழுகை. அதை நினைத்தால் கோபம் இன்னும் கூடுகிறது.

ஐப்பசியில் முதல் மழை விழுந்தது. கணக்குப்படி நாலு மாதமும் முடிந்தது. பிள்ளை போனபிறகும் மாமியார் அந்தக் கணக்கை விடவில்லை. விட்டால், பிள்ளை எதற்காகப் போனது என்று தன்னையே கேட்கவேண்டி வந்திருக்கும். மஞ்சள் கரைத்த தண்ணீரில் மருமகளுக்குத் தலைமுழுக வார்த்தாள். புதுச்சேலை கொடுத்தாள். கொட்டிலில் கிடந்த பாயை மகனைக் கொண்டு எரிப்பித்தாள். பிறகு குசினி வாசலில் நின்று, நாலு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் கையைப் பிடித்தாள்.

"இனி ஒண்டுமில்லை பிள்ளை. எல்லாம் சுத்தம். உள்ளை வா."

பத்மாசனி கையை இழுக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அவன் பிறந்தாப் பிறகுதானே மாமி எனக்கு இரத்தம் ஏத்தினது. அவனிலை ஒரு சொட்டும் கலக்கேல்லை. சுத்தமாத்தான் போயிருக்கிறான்."

மாமியாரின் பிடி தானாக விட்டது. முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்த மயில்வாகனம் கோடரியைக் கீழே வைத்தான். பத்மாசனி அவர்கள் இருவரையும் கடந்து உள்ளே போய் உலை வைத்தாள். மாமிக்கும் புருஷனுக்கும் தனக்குமாக மூன்று பேருக்கு அரிசி போட்டாள்.