தோத்துட்டோம், வெளிய வாடி!

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்த விமலா, சாந்தா, நான் மூவரும் பல வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ராச்சகொண்டா கோட்டைக்குப் போனோம்.

மேலே ஏறி பாறை நிழலில் உட்கார்ந்து பார்த்தால், சாந்தாவைக் காணோம். எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. சின்ன வயதில் கண்ணாமூச்சியில் அவளைக் கண்டுபிடிக்கவே முடியாது. "தோத்துட்டோம், வெளிய வாடி" என்று கத்தினால்தான் வருவாள். கத்திவிட்டால் வந்தே ஆகவேண்டும். அது எங்கள் சட்டம்.

"கைக்கு தேடணும்? அவளே வருவா" என்றாள் விமலா. எங்கள் ஊர் உருதுப் பேச்சில் 'கைக்கு' என்றால் 'எதற்கு'. எனக்கும் அந்த விளையாட்டு இன்னும் முடியவில்லை என்று நினைக்க ஆசையாக இருந்தது. முறுக்கு தின்றோம். பிறகு இருவரும் சேர்ந்து கத்தினோம். அவள் வரவில்லை. மறுபடி கத்தினோம். அப்போதுதான் எழுந்து தேட ஓடினோம். சாந்தா அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை.

இடிந்த சுவருக்குப் பின்னால் வியர்வையில் நனைந்து சரிந்து கிடந்தாள். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டவள், காரில் பேச்சு சுவாரசியத்தில் சாப்பிடவே மறந்திருக்கிறாள். நல்லவேளை, நினைவு இருந்தது. பையிலிருந்த ஜூஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம்.

தெளிந்ததும், "நீங்க கூப்பிட்டது கேட்டுச்சுடி. வெளிய வரத்தான் முடியல" என்றாள்.

இப்போதெல்லாம் யாராவது கண்ணில் படவில்லை என்றால் முதலில் தேடுகிறேன், சிரிப்பெல்லாம் அப்புறம்தான். லாலாகுடாவில் தனியாக இருக்கும் சாந்தாவுக்குத் தினமும் காலையில் போன் செய்து, "தோத்துட்டேன், வெளிய வாடி" என்கிறேன். "ஹவ், ஆமாடி, வந்துட்டேன்" என்று அவள் சொல்லும்வரை காபியில் வாய் வைப்பதில்லை.