விரலில் மஞ்சள், திரையில் எண்பத்தாறு

1. பட்டம்

சைகோனில் இருந்த ஒன்பது வருடமும் என்னை ‘டாக்டர்’ என்று கூப்பிட்டார்கள். ஒருமுறைகூட நான் மறுக்கவில்லை. மருத்துவமனைகளில் பேஷண்ட் மானிட்டர் சர்வீஸ் செய்யும் இன்ஜினியர் நான். ஸ்டெதஸ்கோப் மட்டும்தான் மாட்டிக்கொள்ளவில்லை. அதுவும் வெட்கப்பட்டு அல்ல, கம்பெனி கொடுக்காததால்.

பட்டம் கொடுத்தவர் சவேரியார் அண்ணன். காரைக்கால்காரர், அறுபத்து மூன்று வயது. சைகோனின் பூ மி ஹங் பகுதியில் ஓர் இந்திய ஹோட்டலில் சமையல். வாடகை வீட்டில் அவர் கீழ் அறை, நான் மாடி. அவருடைய மிக்ஸியைச் சரிசெய்து கொடுத்த அன்று, “டாக்டர் கை பட்டதும் எழுந்து ஓடுதுப்பா!” என்றார். அதுவே ஒட்டிக்கொண்டது.

2. வரிசை

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விரல் வழியாக வெளிச்சத்தை அனுப்பி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று சொல்லும். நகப்பூச்சு, குளிர்ந்த கை, கறை என்று எது குறுக்கே வந்தாலும் குழம்பும். ஆகவே “ரீடிங் தப்பா வருது” என்று நர்ஸ் போன் செய்தால் எங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விரலில் மாட்டும் கிளிப்பான ப்ரோப், அப்புறம் விரல், கடைசியில்தான் நோயாளி. பெரும்பாலும் நோயாளி வரைக்கும் போக வேண்டியிருக்காது. இந்த வரிசையைப் பல வருடம் நானே வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

3. சனிக்கிழமை

அந்த வாரம் அண்ணனுக்கு லேசான இருமல். காய்ச்சல் இல்லை. வியாழக்கிழமை மீன் குழம்பில் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரையைப் போட்டார். வெள்ளிக்கிழமை என்னை “பீட்டரு” என்று கூப்பிட்டார். பீட்டர் அவருடைய தம்பி. செத்துப் பல வருடமாகிறது. இரண்டையும் ஹோட்டலில் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

சனிக்கிழமை மதியம் வீட்டின் சொந்தக்காரம்மா கோ லான் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் தைலம் தடவி, காசால் சுரண்டிக்கொண்டிருந்தார். உடம்பில் புகுந்த கெட்ட காற்றை எடுக்கிறாராம். சளியோ தலைவலியோ, அங்கே முதல் வைத்தியம் அதுதான். அறிவியலின் மானத்தைக் காப்பாற்ற நான் டூல் பையோடு இறங்கி வந்து, அண்ணனை எழுப்பி உட்காரவைத்து, விரலில் ஆக்ஸிமீட்டர் கிளிப்பை மாட்டினேன். எண்பத்தாறு. என் விரலில் மாட்டினேன். தொண்ணூற்றெட்டு.

“எவ்ளோ… டாக்டர்?”

“மிஷின் பொய் சொல்லுதுண்ணே. உங்க விரலப் பாருங்க, ஒரே மஞ்சள்.”

“நாப்பது வருச… மஞ்சளு. அதெல்லாம்… போவாது.”

வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து, பழைய டூத் பிரஷ்ஷால் அந்த விரலைத் தேய்த்தேன். அப்போது ஊரிலிருந்து அவர் மனைவி போன் செய்தார். அண்ணன் இன்னொரு கையால் எடுத்து, “டாக்டர்… பக்கத்துலதான் இருக்காரு. பயப்படாத” என்று வைத்துவிட்டார்.

திரும்பவும் மாட்டினேன். எண்பத்தெட்டு.

“பாத்தீங்களா, ஏறுது!”

கோ லான் காசைக் கீழே வைத்தார். “அவரு நெஞ்சப் பாரு. எப்படி இளைக்குது! இது காத்து இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்றார் வியட்நாமிய மொழியில்.

காசால் சுரண்டுகிறவர் சொல்லி இன்ஜினியர் கேட்பதா? “ரெஸ்ட் எடுங்கண்ணே, நாளைக்குப் புது ப்ரோப் கொண்டாறேன்” என்றேன்.

4. ஞாயிறு

காலையில் அவர் உதடு நீலமாக இருந்தது. செல்போன் ஆப்பில் கார் பிடித்து ஓடினோம். எமர்ஜென்சியில் அவருக்கு மாட்டியது நானே இன்ஸ்டால் செய்த மானிட்டர். எழுபத்தொன்று. நர்ஸ் ப்ரோபைத் தொடவில்லை. சட்டையை விலக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். முப்பத்தெட்டு.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் முழுக்க வெள்ளை. நிமோனியா. “வயசானவங்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும். ஆள் குழம்பிப் போறதுதான் சில பேருக்கு முதல் அறிகுறி. ஏதாவது கவனிச்சீங்களா?” என்று கேட்டார் டாக்டர், நிஜ டாக்டர். சர்க்கரைக் கதையைச் சொன்னேன். முதல் தடவையாக அந்தக் கதைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆறாம் நாள் வென்டிலேட்டரிலேயே போய்விட்டார். கிளிப் மாட்டியிருந்த விரலில் துளி மஞ்சள் இல்லை.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் நோயாளி. பேசும்போது வாக்கியம் நடுவில் அறுகிறதா, நெஞ்சு மேலும் கீழும் போகிறதா, உதடு என்ன நிறம் என்று பாருங்கள். மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இருபதுக்கு மேல் போனாலே சந்தேகப்படுங்கள். ரீடிங் தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே வந்தால் விரலைக் கழுவாதீர்கள், வண்டியைக் கூப்பிடுங்கள். ப்ரோபை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் அவர் மனைவியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் காரைக்காலுக்குப் போன் செய்தேன். அந்த அம்மா என்னை முந்திக்கொண்டு, “நீங்க யாரு தம்பி?” என்றார்.

“மாடியில குடியிருக்கிறவன்மா. ஆஸ்பத்திரி மிஷின் ரிப்பேர் பண்றவன்.”

“அப்புடியா. மாடியில டாக்டர் ஒருத்தர் இருக்காரு, பயப்படாதன்னு சொல்லிட்டே இருப்பாங்களே. அவரு ஞாயித்துக்கெழமை ஊர்ல இல்லையா?”