நடுத்துண்டு

புத்தகத்தின் முதுகில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. தடித்த புத்தகம் துண்டு துண்டாகப் பிரிந்து மேசையில் விழுகிறது. "இந்தா, ஆரம்பம் உனக்கு. பசை படாம படிடி" என்று ஒரு துண்டை நீட்டுகிறார் பெட்டியம்மா.

அட்டைப்பெட்டி செய்து, அதில் சாமான் கட்டி அனுப்பும் பட்டறை அவருடையது. புத்தகம் வாங்க ஆசை உண்டு. உட்கார்ந்து படிக்கப் பொறுமை கிடையாது. ஆகவே பட்டறைப் பெண்களுக்குப் பங்கு போட்டுவிடுவார். மதியச் சாப்பாட்டின்போது அவரவர் துண்டை அவரவர் சொல்ல வேண்டும். "ஒருத்தி படிச்சா தூக்கம் வரும். எல்லாரும் படிச்சா சண்டை வரும். சண்டை வந்தாத்தான் மண்டையில ஏறும்" என்பார்.

அட்டையை விரலால் சுண்டி, ஓசையிலேயே ஈரம் கண்டுபிடிப்பார். வாடிக்கையாளர் போனில் கத்தினால் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அந்தக் குரல் ஓய்ந்ததும், "இப்ப சொல்லுங்க தம்பி" என்பார். வண்டி ஓட்டும் கணவர் அவருக்கு வைத்த பெயர் 'புத்தகக் கசாப்புக்காரி'. "நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்பதுதான் அதற்குப் பதில்.

பெண் தொழிலதிபர்கள் சங்கம் இந்த வருடம்தான் முதன்முறையாக அவரை மேடைக்கு அழைத்தது. எல்லோரும் படிக்க வேண்டிய ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். "இதுல சொதப்பினா அப்புறம் நம்மளக் காப்பி குடிக்கக்கூடக் கூப்பிட மாட்டாங்க" என்று சிரித்தார்.

கப்பல் கம்பெனி நடத்திய ஒரு பெண்மணியின் வாழ்க்கைக் கதையைத் தேர்ந்தெடுத்தார். கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம், கம்பெனி மூழ்கும் இடம்வரை கதை வந்தது. அடுத்து மீண்டெழும் நடுத்துண்டு. அது பசை ஒட்டும் அக்காவின் பங்கு. அக்கா தலைகுனிந்தார்.

"பெட்டிக்குள்ள கண்ணாடிச் சாமான் ஆடுச்சும்மா. கைக்குக் கிடைச்ச காகிதம்னு என் துண்டையே கசக்கி இடுக்குல வச்சுட்டேன். படிக்கக்கூட இல்ல. பெட்டி வண்டி ஏறிடுச்சு."

கடையிலும் அந்தப் புத்தகம் தீர்ந்துபோயிருந்தது. சாப்பாடு பாதியில் நின்றது. பெட்டியம்மா கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"சரி, நாம மூழ்கினப்ப என்னக்கா பண்ணோம்?"

"பெரிய கம்பெனிக்காரன் கைவிட்டானே, அப்பவா? வெட்டி மிஞ்சின அட்டையில சின்னச் சின்ன செருப்புப் பெட்டி செஞ்சு, தலையில வச்சுக் கடை கடையா ஏறினோம்."

"யார் சொன்ன யோசனை அது?"

"நான்தான். நீங்க அழுதுட்டு இருந்தீங்க."

பட்டறையே சிரித்தது. பெட்டியம்மாதான் உரக்கச் சிரித்தார்.

மறுநாள் பட்டறைப் பெண்கள் எல்லோரும் அரங்குக்கு வந்திருந்தார்கள். பெட்டியம்மா கப்பல்காரப் பெண்மணியின் கதையை நன்றாகவே சொல்லிக்கொண்டு போனார். கம்பெனி மூழ்கியதும் நிறுத்தினார். "இந்த இடத்துல என் புத்தகத்துல ஓட்டைங்க. எங்க கதையை வச்சு அடைச்சிருக்கேன்" என்று நடந்ததை அப்படியே சொன்னார். தான் அழுததையும் விடவில்லை. அரங்கம் முதலில் சிரித்தது. கடைசியில் கைத்தட்டல் அடங்கவே இல்லை.

சங்கத் தலைவி எழுந்தார். பெட்டியம்மா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தார்.

"நான் அந்தப் புத்தகத்தை முழுசா படிச்சிருக்கேன். அந்த இடத்துல அவங்க அப்பா வந்து புதுக் கப்பல் வாங்கிக் குடுத்துடுவாரு. அவ்வளவுதான். நீங்க சொன்ன நடுதான் எனக்கு வேணும். தலையில பெட்டியோட போனீங்களே, முதல் கடைக்காரர் என்ன சொன்னாரு?"

மறுபடியும் கைத்தட்டல். பெட்டியம்மா மைக்கைக் கையோடு எடுத்துக்கொண்டு படியிறங்கினார். முன்வரிசையில் இருந்த சங்கத்தாரையெல்லாம் தாண்டிப் போய், பசை ஒட்டும் அக்காவின் வாயருகே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.