தம்பி மகன் பாலையில் விட்ட ஆமை

சுலேமா ஆர்விசு எனக்கு அக்கா முறை. எங்கள் அம்மாக்கள் இரண்டு பேரும் எல்லைக்குத் தெற்கே சொனோராவிலிருந்து ஒரே ரயிலில், பாலைவன ரயில்வே ஊரான பார்ஸ்டோவுக்கு வந்து இறங்கியவர்கள். பெரியவளின் மகள் அவள், சின்னவளின் மகள் நான். சுலேமாவுக்குக் கோபக்காரி என்று பெயர். இருக்கட்டும். அவள் கோபப்பட்ட நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அதில் பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர்கள்.

அவள் தம்பி ஃபெர்மீன் வீட்டுக் கொல்லையில் கபித்தான் என்று ஒரு பாலைவன ஆமை இருந்தது. எழுபதுகளில் ரோட்டோரம் கிடந்ததை அவர்களுடைய அப்பா எடுத்து வந்தார். அப்போதெல்லாம் ரயில்வே குடியிருப்பு வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஓட்டின் பின்விளிம்பில் துளை போட்டுக் கம்பியால் கட்டி வைத்தார். ஆண் என்று நினைத்துப் பெயர் வைத்ததுதான் வேடிக்கை. பக்கத்து வீட்டு ஆண் ஆமை வேலிக்கடியில் வந்து போனது யாருக்கும் தெரியாது. ஒரு கோடையில் கபித்தான் திராட்சைக் கொடிக்குக் கீழே பள்ளம் பறித்து ஐந்து முட்டை போட்டாள். ரயில்வே பட்டறையில் ஒரு வாரம் அதே பேச்சு.

குஞ்சுகளை யாரிடம் கொடுப்பது என்று கேட்கப் போனவள்தான் சுலேமா. ஆமைகளைத் தத்துக் கொடுக்கும் சங்கத்தில் அப்படித்தான் சேர்ந்தாள். பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்த்துக்கொண்டே முப்பத்தோரு வருஷம் அதில் உழைத்தாள். சம்பளம் கிடையாது. ஆமை கேட்டவர் வீட்டுக்குப் போய்க் கொல்லையைச் சோதிப்பது அவள் பொறுப்பு. வேலி மண்ணுக்குள் ஒரு முழம் இறங்கியிருக்க வேண்டும். வெயிலுக்குப் பதுங்க ஆழமான வளை வேண்டும். அரளிச்செடி கூடாது, நாய் கூடாது. எங்கள் பாதிரியாருக்கே இல்லை என்று சொல்லிவிட்டாள். "உங்க நாய்க்குப் பூசை வைக்கத் தெரிஞ்சாலும் பல்லு பல்லுதானே சாமி?" என்றாள். அவர் அடுத்த வாரம் நற்கருணை கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மற்ற நாட்களில் ஓர் ஆமையைத் துணி துவைக்கும் தொட்டியில் வைத்துப் பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துப்போவாள். பிள்ளைகளுக்கு மூன்றே விஷயம் சொல்வாள். காட்டு ஆமையைத் தூக்காதே, பயத்தில் அது சேர்த்து வைத்த தண்ணீரையெல்லாம் பெய்துவிட்டுக் கோடையில் நாக்கு வறண்டு சாகும். வீட்டுக்கு எடுத்து வராதே. வீட்டில் இருந்ததைத் திரும்பக் காட்டில் விடாதே.

இந்த மூன்றாவதில்தான் எங்கள் குடும்பம் மண்ணைப் போட்டது. வீட்டு ஆமைகளுக்கு மூக்கில் நுரை கட்டும் ஒரு நோய் வரும். ஒதுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் ஓட்டலாம். காட்டு ஆமைக்கு ஒட்டினால் பார்த்துக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்? கபித்தானுக்கு அந்த நோய் இருந்தது. சுலேமா மூன்று வருஷமாகக் கையுறை மாட்டிக்கொண்டு அவளுக்கு மருந்து விட்டாள். தனக்குப் பிறகு கபித்தான் அக்காவிடம்தான் என்று ஃபெர்மீன் என் எதிரிலேயே சொல்லியிருக்கிறான்.

ஃபெர்மீன் ஒரு ஏப்ரல் மாதம் போய்ச் சேர்ந்தான். ஒன்பது நாள் ஜெபமாலை முடிந்த மறுநாள் காலை, அவன் மகன் எவெரார்தோ பெண்டாட்டி பிள்ளைகளோடு அஸ்தியை எடுத்துக்கொண்டு வண்டியில் போனான். ரிவர்சைடில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவன். நானும் சுலேமாவும் அடுப்படியில் வந்தவர்களுக்குப் பொசோலே என்ற சோளக் கறிச்சாறு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் திரும்பி வந்தவன் கைபேசியை எல்லாருக்கும் காட்டினான். படத்தில் அவன் கபித்தானை மணலில் இறக்கி விடுகிறான். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். போ, இனிமேல் நீ சுதந்திரம் என்கிறான். உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

சுலேமா கடைசிவரை பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"எந்த இடம்?"

"அப்பாவும் அதுவும் ஒரே இடத்துல இருக்கட்டும் அத்தை. அம்பது வருஷம் ஜெயில்ல கெடந்துச்சு. நீங்க கொண்டுபோனா தொட்டியில வச்சு ஊர் ஊரா காட்டிக்கிட்டுத் திரிவீங்க."

"அதுக்கு மூக்குல சீக்கு. உங்கப்பன் சொல்லலையா?"

"சொன்னாரு. நல்ல காத்து பட்டா எல்லாம் சரியாப்போயிடும்."

எங்கள் பெரிய மாமா மகன், ரயில்வேயில் நாற்பது வருஷம் இருந்தவன், துக்க வீட்டில் ஆமைப் பஞ்சாயத்து எதற்கு என்றான். அவன் பெண்டாட்டி, பையன் பாசத்தில் செய்ததுதானே என்றாள். இடத்தை மட்டும் எவெரார்தோ சொல்லவில்லை. அனுமதி கேட்காமல் அஸ்தி தூவியதில் வம்பு வரும் என்று பயம்.

அவன் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? படத்தில் பின்னால் தெரிந்த உடைந்த மலைமுகடு அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வசந்தத்திலும் சங்கத்தார் காட்டு ஆமைகளை எண்ணுகிற பள்ளத்தாக்கு அது. அவள் முதன்முதலாகப் போனபோது ஒரே நாளில் நாற்பதுக்கு மேல் பார்த்தார்கள். ஃபெர்மீன் போவதற்கு முந்தின வருஷம் மூன்று. ஓர் ஆண், இரண்டு பெண். அவ்வளவுதான் மிச்சம். கபித்தான் அந்த மூன்றைத் தொடுவதற்கு முன்னால் அவளைப் பிடிக்க வேண்டும்.

அன்றைக்கே சங்கத்து ஆட்கள் ஆறு பேரும் நாங்களும் போனோம். அரசாங்க வனவிலங்கு ஆபீஸ் பெண்ணுக்கும் சுலேமாதான் தகவல் சொன்னாள். யார் விட்டது என்று அந்தப் பெண் கேட்டாள். தம்பி மகன் பெயரைச் சுலேமா எழுத்தெழுத்தாகச் சொன்னாள், விலாசத்தோடு. அது குடும்பத்துக்குத் தெரிந்தபோது காட்டு ஆமைகளுக்காக வராத கண்ணீரெல்லாம் வந்தது.

மூன்று நாள் நடந்தோம். கபித்தான் வீட்டுப் பக்கம்தான் நடப்பாள் என்று சுலேமா தெற்கே நெடுஞ்சாலை வேலியோரமாகவே தேடச் சொன்னாள். வேலியோரம் கால்தடம் இருந்தது. போய்ப் போய்த் திரும்பிய தடம். நாலாம் நாள் காலையில் ஒரு கிரியோசோட் புதருக்கடியில் இருந்த வளைக்குள் சுலேமா கண்ணாடியைச் சாய்த்து வெயிலை அடித்துப் பார்த்தாள். உள்ளே இரண்டு ஓடு. ஒன்றில் சுலேமாவின் அப்பா போட்ட துளை. மற்றது அந்த ஆண். மூக்கும் மூக்கும் ஒட்டினாற்போல் கிடந்தார்கள்.

வனவிலங்குப் பெண் புதுக் கையுறை மாட்டி ஆணின் மூக்கில் பஞ்சு வைத்து எடுத்துவிட்டு அவனை அங்கேயே விட்டாள். காட்டு ஆமையை எடுத்துவர அனுமதியில்லை. கபித்தான் எங்களோடு வந்தாள்.

பஞ்சில் ஒன்றும் தெரியவில்லை, இவ்வளவு சீக்கிரம் தெரியாது என்றார்கள். அடுத்த வசந்தத்தில் எண்ணப் போனபோது தெரிந்தது. ஆண் வளை வாசலில் செத்துக் கிடந்தான். பெண்களில் ஒன்றின் மூக்கில் நுரை. இன்னொன்றைக் காணவே இல்லை.

அதற்குப் பிறகுதான் எவெரார்தோ சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டான். அப்பா ஞாபகமாகக் கபித்தான் தனக்கு வேண்டுமாம். வேறு யாரையாவது அனுப்பு என்று சுலேமாவிடம் சொன்னேன். எல்லார் வீட்டுக்கும் போகிற மாதிரித்தான் இங்கேயும் போவேன் என்று அளவுகோலை எடுத்துக்கொண்டு ரிவர்சைடுக்குக் கிளம்பினாள். நான் கூடப் போனேன்.

கொல்லையைப் பார்த்து அசந்துபோனேன். வேலி ஒரு முழத்துக்கு மேல் இறங்கியிருந்தது. வளைக்குக் கல்கூரை போட்டு மண் ஏற்றியிருந்தான். ஆமை தின்னச் சப்பாத்திக்கள்ளி, செம்பருத்தி எல்லாம் நட்டிருந்தான். நாய் இல்லை. சுலேமா மூலை மூலையாக அளந்தாள். வளைக்குள் கையை விட்டுச் சூடு பார்த்தாள். அவன் வெயிலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எல்லாம் சரியா இருக்கு. குறை சொல்ல ஒண்ணுமில்ல," என்றாள். "தரமாட்டேன்."

"சொந்த அத்தை நீங்க. மன்னிக்கக் கூடாதா?"

"எங்கிட்ட ஏன்டா கேக்குற? மூக்குல நுரையோட ஒருத்தி அங்க தனியா மூச்சிழுத்துக்கிட்டுக் கெடக்குறா. போய் அவகிட்ட கேளு."

விண்ணப்பத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அங்கேயே மதில்மேல் வைத்து, வீட்டு ஆமையைக் காட்டில் விட்டவர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அவன் கையில் கொடுத்தாள்.

கபித்தான் இப்போது பக்கத்து ஊரான டாகெட்டில், வேறு ஆமை இல்லாத ஒரு லாரி டிரைவர் வீட்டில் இருக்கிறாள். சுலேமாவை ஞானஸ்நானத்துக்கும் கூப்பிடுவதில்லை, கல்யாணத்துக்கும் கூப்பிடுவதில்லை. டிசம்பரில் பண்டிகைக்குச் சோளமாவுத் தமாலே செய்ய எல்லாரும் எவெரார்தோ மாமியார் வீட்டில் கூடினார்கள். எனக்கு மட்டும் ஆள் அனுப்பினார்கள். சுலேமா இல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டேன் என்று வந்தவனிடமே சொல்லி அனுப்பினேன்.