நிலத்தைப் படிக்க நிலத்தை அடகு வைக்கவா?

கல்யாண மண்டபத்தில் நின்று சத்தம் போட்டேன். ராஜபாளையத்தில், பட்டப்பகலில், ஊரே பார்க்க. கல்யாணத்தில் அல்ல... கல்விக் கண்காட்சியில்!

மே மாதத்தில் நடந்ததை இத்தனை நாள் ஏன் எழுதவில்லை? ஒரு பெண்ணின் முடிவு தெரிய வேண்டியிருந்தது. போன வாரம் தெரிந்துவிட்டது. இனி எழுதலாம். கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை - அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பெண்ணின் பெயர் மாரீஸ்வரி. ஊர் மம்சாபுரம். அவள் அம்மா செல்வி என் தெருவில் வளர்ந்தவள், எனக்குத் தங்கை மாதிரி. அப்பா முருகேசன் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நகைக்கடையில் செக்யூரிட்டி. மிச்ச நேரமெல்லாம் ஊரில் இருக்கும் கொஞ்ச நிலத்தில் கத்திரியும் வெண்டையும்.

மாரி அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க்.

"என்னட்டி படிக்கப் போற?" என்று கேட்டேன்.

"வெவசாயத்தப் பத்தி எழுதணும் பெரியம்மா. பேசணும். அக்ரி ஜர்னலிசம்னு ஒரு படிப்பு இருக்காம்ல... அதான்."

டாக்டர், இன்ஜினீயர், ஐ.டி. என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காது எனக்கு. இது புதிதாக இருந்தது. ஆனால், இந்த ஆசை வந்த கதை இனிப்பானது அல்ல.

செல்வியின் தம்பி கூமாப்பட்டியில் விவசாயம் பார்க்கிறார். போன வருடம் அவருடைய கத்திரித் தோட்டத்தில் புழு. செல்போனில் ஒரு வீடியோ வந்தது. பளபளவென்று விளக்குப் போட்ட அறையில் உட்கார்ந்து ஒருவர் சொல்கிறார்: "இந்த ரெண்டு மருந்தையும் கலந்து அடிங்க... ஒரே நாள்ல புழு காலி!" தம்பி கலந்தார். உச்சி வெயிலில், மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் அடித்தார். வரப்பிலேயே மயங்கி விழுந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியதால் பிழைத்தார். செடி பிழைக்கவில்லை. தோட்டம் முழுக்கக் கருகிவிட்டது.

புழு? அது இருந்தது!

ஆஸ்பத்திரியில் மாமாவைப் பார்த்துவிட்டு வந்த மாரி, நேராக வேளாண்மைத் துறை அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்த பெண் அதிகாரி ஒரு நோட்டீஸ் கொடுத்தார். சரியான தகவல்தான். ஆனால் எழுதியிருந்த தமிழ் இருக்கிறதே... 'பரிந்துரைக்கப்பட்ட அளவில் இலைவழித் தெளிப்பு மேற்கொள்ளல் வேண்டும்.' யார் மேற்கொள்ள வேண்டும்? எதை? எப்போது? படித்தவளுக்கே தலை சுற்றியது. திரும்பிப் போய் அந்த அதிகாரியிடமே ஒவ்வொரு வரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து போனில் பேசி வாட்ஸப்பில் போட்டுவிட்டாள்.

"ஐயா, அம்மா, எல்லாரும் செத்த நேரம் கேளுங்க. ரெண்டு மருந்தக் கலந்து அடிக்காதீக. எங்க மாமா அடிச்சிட்டு ஆஸ்பத்திரில கெடக்காரு. எதுக்கு எம்புட்டுன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்..."

அந்தக் குரல் ஊர் ஊராகப் போயிருக்கிறது. தேவதானத்திலிருந்து ஒரு பெரியவர் போன் போட்டு, "தாயி, நீங்க ஆபீசரம்மாவா?" என்று கேட்டாராம். "இல்ல தாத்தா, பன்னெண்டாப்புப் படிக்கேன்" என்றிருக்கிறாள்.

அன்றைக்கு முடிவு பண்ணியதுதான் இந்தப் படிப்பு.

சரி, கண்காட்சிக்கு வருவோம். மாரி, செல்வி, முருகேசன், நான் - நாலு பேரும் போயிருந்தோம். மண்டபத்துக்குள் ஏ.சி. வாசலில் இலவசப் பை. முதல் ஸ்டாலில் கோட் போட்ட ஓர் இளைஞர் மாரி சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "விவசாயத்தைப் பத்தி எழுத எதுக்கும்மா டிகிரி? ஐ.டி. எடு, லைஃப் செட்டில்!" பக்கத்து ஸ்டால்காரரிடமும் சொல்லிச் சிரித்தார். மாரி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அங்கேயே பாதி ஏறிவிட்டது.

நாலைந்து ஸ்டால் தள்ளி, டை கட்டிய ஒருவர் சிரிக்கவில்லை. "வாங்க, வாங்க... எங்க யுனிவர்சிட்டியில அந்தக் கோர்ஸே இருக்கு!" வழுவழு புத்தகத்தை நீட்டினார். வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண், கையில் மைக், தலைக்கு மேலே ட்ரோன். மாரியின் கண் விரிந்தது. மகளின் கண்ணைப் பார்த்து முருகேசனின் கண்ணும் விரிந்தது.

கட்டணத்தைச் சொன்னார்கள். செல்வி என் கையைப் பிடித்தாள்.

"லோன் வாங்கித் தரோம் சார். நிலப் பத்திரம் இருந்தா ஈஸி. இன்னைக்கு அட்வான்ஸ் கட்டினா டிஸ்கவுண்ட்."

நான் கேட்டேன்: "இது வேளாண்மைப் பட்டமா? இதைப் படிச்சா வேளாண்மை அலுவலர் தேர்வு எழுதலாமா?"

"மேடம், இது... ஒரு கன்வெர்ஜென்ஸ் கோர்ஸ்."

"அப்போ பத்திரிகைப் பட்டமா?"

"அதுவும் சொல்லலாம் மேடம்."

அப்போதுதான் மாரி மெதுவாகக் கேட்டாள். "சார், ஒங்க காலேஜுக்கு வயக்காடு எம்புட்டு இருக்கு?"

டைக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். "ஃபீல்டு விசிட் எல்லாம் ஆன்லைன்லயே பண்ணிடலாம்மா."

அவ்வளவுதான். என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "தண்ணி பாய்ச்சுறதும் ஆன்லைன்லதானா தம்பி? களை எடுக்கிறது? இந்த மனுஷன் நிலத்த அடகு வச்சு, இவ நிலத்தையே பாக்காம நிலத்தப் பத்திப் படிக்கணுமா?" மண்டபமே திரும்பிப் பார்த்தது.

முருகேசன்தான் என்னை அடக்கினார். "மதினி, எல்லாரும் பாக்காக. சும்மா இரிங்க." சொல்லிவிட்டு அந்த ஆளின் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "திங்கக்கெழம பத்திரத்தோட வாரேன் சார்."

மறுநாள் காலையில் மாரியிடமிருந்து போன். "பெரியம்மா, அன்னைக்கு நோட்டீஸ் குடுத்தாகல்ல அந்த ஆபீசரம்மா... அவியளப் போய்க் கேப்போமா?" போனோம். அவருக்கு இவளை நன்றாக நினைவிருந்தது. "என்னயக் கேள்வி மேல கேள்வி கேட்டுக் கொன்ன புள்ளதான நீ? உக்காரு."

எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார். "பேருல ஜர்னலிசம்னு தேடாத. அரசு வேளாண்மைக் கல்லூரில சேரு. உள்ளேயே விரிவாக்கம்னு பாடம் இருக்கு. கண்டுபிடிச்சத விவசாயிகிட்ட கொண்டுபோய்ச் சேக்குற படிப்பு அது. பத்திரிகைக்கு எழுதுறது, ரேடியோவுல பேசுறது எல்லாம் அதுல வரும். மொதல்ல பயிரப் படி. பொறவு மேல்படிப்புல அதையே எடு. ஆறாப்புல இருந்து அரசுப் பள்ளிலதான படிச்ச? ஒன்ன மாதிரிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கு. கெடச்சா கட்டணத்த அரசாங்கமே கட்டும்."

மாரி என்னைப் பார்த்தாள். நான் மாரியைப் பார்த்தேன்.

"க்ளாஸ்ல சொன்னாக பெரியம்மா. அது வெவசாயம் படிக்கவங்களுக்கு, எழுதுதவங்களுக்கு இல்லன்னு நெனச்சிட்டேன்."

ஒரு பெயர்ப்பலகை செய்யும் வேலையைப் பாருங்கள்! ஆசைக்கு என்ன பெயரோ அதே பெயரில் ஒரு படிப்பை எழுதி வைத்து, அதற்கு ஒரு விலையையும் எழுதி வைத்துவிட்டால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். உள்ளே என்ன பாடம், யார் நடத்துகிறார்கள், அந்தப் பட்டத்தை எங்கே மதிப்பார்கள் - யார் கேட்கப் போகிறார்கள்?

வெளியே வந்ததும், அந்த வழுவழு புத்தகத்தில் இருந்த நம்பரில் டைக்காரருக்கு நானே போன் போட்டேன். "தம்பி, இந்தப் பொண்ணு அரசுப் பள்ளியில படிச்சதுன்னு உங்ககிட்ட சொன்னோமே. அரசு ஒதுக்கீடு இருக்கிறது உங்களுக்குத் தெரியாதா?"

ரொம்ப நிதானமாகப் பதில் வந்தது. "தெரியும் மேடம். அதச் சொல்றது என் வேலை இல்லையே."

எனக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை. பொய் சொன்னால் சண்டை போடலாம். இப்படி உண்மையைச் சொல்பவரை என்ன செய்வது?

அன்று சாயங்காலம் மம்சாபுரத்தில் பெரிய சண்டை. முருகேசனுக்குத் தாங்கவில்லை. "இம்புட்டு வருசம் பார்டர்ல நின்னுட்டு வந்திருக்கேன் மதினி. எம்மக ஆசப்பட்ட படிப்ப வாங்கிக் குடுக்க எனக்கு வக்கில்லையா? ஒதுக்கீடு அது இதுன்னு... கெடைக்காமப் போச்சுன்னா? ஒரு வருசம் வீட்ல உக்காருவாளா?"

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் பயம் நியாயமானது. அந்தப் பயத்தை நம்பித்தானே மண்டபம் பிடித்து ஏ.சி. போட்டிருக்கிறார்கள்?

மாரி அழவில்லை. அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "யப்பா, கெடைக்கலன்னா இங்கன பக்கத்துலயே அரசுக் கல்லூரில தாவரவியல் படிக்கேன். செடியப் பத்திதான? எழுதுறத நான் விட மாட்டேன். ஆனா காட்ட அடமானம் வச்சிட்டு, அடுத்தவுக காட்டப் பத்தி நான் என்னத்தப்பா எழுத?"

முருகேசன் சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்துச் செல்வியிடம் கொடுத்தார். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. நேராக அடுப்பில் போட்டாள்.

விண்ணப்பித்தோம். இரண்டுக்கும். காத்திருந்தோம். முதல் சுற்றில் மாரிக்கு இடம் வரவில்லை. முருகேசன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கண்காட்சிக்காரர்கள் விடாமல் போன் போட்டார்கள் - 'கடைசி சீட்' என்று. எத்தனை கடைசி சீட் ஐயா உங்களிடம்? மாரி தாவரவியலில் சேர்ந்து பஸ் பாஸும் வாங்கிவிட்டாள். நானே கொஞ்சம் தளர்ந்துபோனேன். பிள்ளையின் வாழ்க்கையில் வாயை விட்டுவிட்டோமோ என்று ஒரு குத்தல்.

போன வாரம், அடுத்த சுற்று. அரசு வேளாண்மைக் கல்லூரியில் இடம். ஒதுக்கீட்டில்!

போனில் செல்வி அழுதாள். முருகேசன் போனை வாங்கி, "மதினி..." என்றார். வைத்துவிட்டார். போதாதா?

சந்தோஷம்தான். ஆனால் கோபம் ஏன் ஆறவில்லை என்கிறீர்களா? அந்த மண்டபத்தில் அன்றைக்கு இருந்த மற்ற பிள்ளைகளை நினைத்து. எல்லாப் பிள்ளைக்கும் கேள்வி கேட்க ஓர் அலுவலகமும், கூடப் போக ஓர் ஆளும் கிடைத்திருக்குமா? எத்தனை பத்திரங்கள் அன்றைக்குப் பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கும்? அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அங்கே படிக்கிற பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். 'இன்னைக்கு மட்டும்' என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். படிப்பு என்ன, ஆடித் தள்ளுபடியா?

நேற்று ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மாரியை வழியனுப்பினேன். முருகேசன் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் தலையை வெளியே நீட்டிக் கேட்டாள்.

"பெரியம்மா, நான் படிச்சு முடிச்சு எழுதுனா ஒங்க பத்திரிகையில போடுவாகளா? வெவசாயத்துக்கு எத்தனாவது பக்கம்?"

ராசிபலனுக்கு ஒரு பக்கம். சமையலுக்கு இரண்டு. சினிமாவுக்கு எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விவசாயத்துக்கு...? பஸ் கிளம்பியது நல்லதாகப் போயிற்று.

ஆசிரியர் அவர்களே, இந்த வரியை வெட்டாமல் போடுங்கள் - பக்கத்தை ஒதுக்க உங்களுக்கு நாலு வருஷம் டைம் இருக்கிறது!