எல்லா விளக்கும் சிவப்பு

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. புதுச்சேரி பக்கம் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில், டி.வி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் ஸ்டெபிலைசர் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் நான் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். என் தோழி, தேங்காய்த்திட்டுப் பெண், சால்டரிங் பிரிவு; எல்லா ஸ்டெபிலைசரிலும் ஈயத்தை உருக்கி ஒயர்களை ஒட்டவைப்பது அவள்தான். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அவள் அப்பா படுத்த படுக்கையாகிவிட, இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஈயம் வைப்பதில் அவ்வளவு சுத்தம். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, நியாயமான கர்வம்.

அந்த வருஷம் புது மிஷின் ஒன்று வந்தது. அதுவரை ஒவ்வொரு ஸ்டெபிலைசர் பெட்டியாக மின்சாரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இதில் ஒரு ரேக் நிறையப் பெட்டிகளை மாட்டிவிட்டுப் பட்டனைத் தட்டினால் போதும். டி.வி. ஸ்டெபிலைசருக்கு ஒரு சோதனை, ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசருக்கு வேறு சோதனை, எல்லாம் ஒரே நேரத்தில் தானாக ஓடும். தேறினால் பச்சை விளக்கு, தேறாவிட்டால் சிவப்பு.

ஆயுத பூஜை வந்தது. புது மிஷினாச்சே என்று சூப்பர்வைசர் சந்தனத்தைத் தளரக் கரைத்து அதன் தலையில் அப்பினார். எங்களுக்குக் கொடுத்த சுண்டலில்கூட அந்தத் தாராளம் இல்லை. மறுநாள் விஜயதசமி. நல்ல நாளாயிற்றே என்று, பெரிய ஆர்டர் கொடுக்க இருந்த ஆபீசரை முதலாளி அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார்.

கற்பூரம் காட்டினார்கள். நான் பட்டனைத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சிவப்பு. பிறகு இன்னொன்று. பிறகு ரேக் முழுக்கச் சிவப்பு. வேறு பெட்டிகளை மாற்றி மாட்டினோம், அதுவும் சிவப்பு. கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் ஆபீசர் கிளம்பிவிட்டார்.

முதலாளி நேராக சால்டரிங் மேஜைக்குப் போனார். இரண்டு வகைப் பெட்டியிலும் பட்டது இவள் கைதானே என்றார். கேட்க எங்களுக்கும் சரியாகத்தான் இருந்தது. அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நல்லாத்தான்டி வச்சேன். எப்படி எல்லாமே போச்சின்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை.

சில நாள் கழித்து மெக்கானிக் வந்து மிஷினின் மேல்மூடியைக் கழற்றினார். சந்தனத் தண்ணீர் காற்றுத் துளை வழியாக இறங்கி, எல்லாப் பெட்டிகளையும் அளந்து பார்க்கிற சர்க்யூட் போர்டின் மேல் படிந்திருந்தது. துடைத்துக் காயவைத்து, அதே பெட்டிகளை மாட்டினோம். எல்லாம் பச்சை. ஆர்டர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருந்தது. அவளையாவது திரும்பக் கூப்பிடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். இருப்பவர்களுக்கே வேலை இல்லை என்றார். அதுவும் பொய்யில்லை.

அன்றைக்கே தேங்காய்த்திட்டுக்குப் போனேன். வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவோடு தெருத்தெருவாக மீன் விற்கப் போகிறாளாம். நடந்ததையெல்லாம் சொன்னேன், வேலை கிடையாது என்பதையும் சேர்த்து. கத்துவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப என் கையில ஒண்ணும் குத்தமில்லல்ல?"

இல்லை என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். உலை வைக்கும்போதுகூட இத்தனை நாளாகத் தன் கையையே நம்ப முடியவில்லை என்று சொல்லிவிட்டு, அப்படியே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். வேறென்ன செய்ய முடியும்?

பொங்கலுக்கு முன்பே கம்பெனியை மூடிவிட்டார்கள். அவள் அப்புறம் ஈயத்தைத் தொடவே இல்லை. அத்தனை விளக்கும் ஒரேயடியாகச் சிவந்தபோது மிஷினைச் சந்தேகப்பட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே, ஒரு ஏழைப் பெண்ணின் கையைச் சந்தேகப்பட மட்டும் எல்லோருக்கும் உடனே தோன்றியதே என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.