பல் வெளுக்கப் போன அனீஸா

கட்டுகஸ்தோட்டையில் அனீஸாவைச் சிரிக்க வைப்பது லேசு. சிரிக்கும்போது அவளுடைய வாயைப் பார்ப்பதுதான் கஷ்டம். சிரிப்பு வந்த கையோடு முக்காட்டின் நுனியும் வாய்க்கு வந்துவிடும். கல்யாணச் சட்டை தைப்பதில் அவளை மிஞ்ச ஊரில் ஆளில்லை. ஆனால் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் விடிந்ததிலிருந்து பால் விடாத தேத்தண்ணி, ஒரு கோப்பை பிளேன்டி, ஆவி பறந்துகொண்டே இருக்கும். அது பற்களைப் பழுப்பாக்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடி உடைத்துக்கொண்ட முன்பல்லுக்கு மேலே ஓர் உறை; அதையும் அந்தப் பழுப்புக்குப் பொருத்தமாகத்தான் செய்திருந்தார்கள். தன் கல்யாணப் படத்திலிருந்து இன்றுவரை ஒரு படத்திலும் அவள் பல்லைக் காட்டியதில்லை. மகள் சப்னாவின் கல்யாணப் படத்திலாவது வாய்விட்டுச் சிரித்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கண்டி டவுனில் ஓர் அழகு நிலையம், அரை மணித்தியாலத்தில் பல்லைக் கடதாசி வெள்ளையாக்கித் தருவதாக விளம்பரம் போட்டிருந்தது. போய்க் கேட்டாள். அங்கிருந்த பெண்ணுக்கு அவளுடைய வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவும் நேரமில்லை. "சும்மா சாய்ஞ்சு படுங்க" என்றாள். ஒரு சட்டைக்கே நாலு இடத்தில் அளவெடுக்கிற அனீஸாவுக்கு இது அடுக்கவில்லை. அளவு பார்க்காமல் கத்தரிக்கோலைத் தூக்குகிறவளிடம் யார் துணி கொடுப்பார்கள்? எழும்பி வந்துவிட்டாள். ஏமாறாமல் தப்பியதில் பாதி வெற்றி அங்கேயே அவள் கைக்கு வந்துவிட்டது.

மீதிப் பாதிக்குப் பல் டொக்டர் வதனாவிடம் போனாள். யாழ்ப்பாணத்துப் பெண், பேச்சில் பூசி மெழுகுவது கிடையாது.

"அக்கா, பல்லு முரசிலை ரத்தம் கசியுது. கடைவாய்ப் பல்லிலை ஓட்டையும் ஒண்டு இருக்கு. முதல் அதுகளைச் சரிப்பண்ணுவம். ஓட்டையோட மருந்து வைச்சா வலி தாங்க மாட்டியள்."

"இந்த உறையும் வெளுக்குமா டொக்டர்?"

"இல்லை. மருந்து உங்கட சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும், உறை அப்பிடியே கிடக்கும். முதல் வெளுப்பம். ரெண்டு கிழமையிலை நிறம் ஒரு நிலைக்கு வரும். பிறகு அந்த நிறத்துக்குப் புது உறை போடுவம். கடதாசி வெள்ளை வராது, இப்பவே சொல்லிப்போட்டன்."

முதலில் வெள்ளை வெளேரென்று ஓர் உறையைப் போட்டுவிடலாம் என்று எண்ணியிருந்த அனீஸா அந்த எண்ணத்தை அங்கேயே கைவிட்டாள்.

முரசும் ஓட்டையும் சரியாக நாள் போயிற்று. கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு புதன்கிழமை பின்னேரம், பல் வெளுத்தாயிற்று. புறப்படும்போது வதனா கண்டிப்பாகச் சொன்னாள்.

"ரெண்டு நாளைக்குப் பிளேன்டி, கோப்பி, மஞ்சள் போட்ட கறி ஒண்டும் தொடப்படாது. தண்ணி குடிக்கக் கொஞ்சம் கூசும், பயப்பிடாதேங்கோ. நூலைப் பல்லாலை கடிக்கிறதையும் விடுங்கோ."

அனீஸாவுக்கு அங்கேதான் சிக்கல். மறுநாள்தான் அக்குறணைக்குப் போய், கணவன் மக்கீனின் மூத்த சகோதரி ஹவ்வா உம்மாவுக்குக் கல்யாணம் சொல்ல வேண்டும். ஹவ்வா உம்மாவின் தேத்தண்ணியைக் குடிக்காதவர் அவருடைய வீட்டுக்கு வந்தவரே இல்லை. முன்னொரு தடவை யாரோ கோப்பையைத் தொடாமல் போனதற்காக அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாமல் இருந்தவர் அவர்.

நல்ல காலம், வியாழக்கிழமை நோன்பு பிடிப்பது அனீஸாவின் பழக்கம். நோன்புக்கு மனதில் வைத்த நிய்யத்து வழமையானதுதான், தேத்தண்ணியிலிருந்து தப்புவது மேல் வரும்படி. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மக்கீனோடு நிம்மதியாகப் போய் இறங்கினாள்.

"நோன்பாளியா? அப்ப ரெண்டு பேரும் நோன்பு திறந்திட்டுத்தான் போகணும்" என்றார் ஹவ்வா உம்மா.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணீர். தண்ணீர் பல்லில் சுரீரென்றது. அடுத்ததாக இஞ்சி தட்டிப் போட்ட சாயம் கூடின பிளேன்டி. கோப்பையைத் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, ஹவ்வா உம்மா எதிர்க் கதிரையில் உட்கார்ந்துகொண்டார். மக்கீன் கூரையைப் பார்த்தார். குடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். குடிக்காவிட்டால் கல்யாணத்தில் மதினியின் இடம் வெறுமை. அனீஸா முக்காட்டை வாயிலிருந்து விலக்கினாள்.

"இத குடிச்சா கறை புடிச்சிரும் மதினி. சப்னாட கல்யாணத்துல வாய தொறந்து சிரிக்கணும்னு ஆசை. அதான் பல்ல வெளுத்தேன்."

வெளுத்த பற்களுக்கு நடுவே அந்தப் பழைய உறை மட்டும், வெள்ளைச் சட்டையில் மாறித் தைத்த பழுப்புப் பொத்தானைப் போலத் தெரிந்தது. ஹவ்வா உம்மா உற்றுப் பார்த்தார்.

"எனக்கும் இப்படிச் செஞ்சு தருவாங்களா?"

"உங்கட முழுக்கக் கட்டுப் பல்லு மதினி. அதுல மருந்து வேலை செய்யாது."

சொன்ன பிறகுதான் அனீஸாவுக்குப் பயம் வந்தது. ஆனால் ஹவ்வா உம்மா வெடித்துச் சிரித்தார். கட்டுப் பல்லைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அனீஸாவும் சிரித்தாள். பழுப்பு உறை பளிச்சென்று தெரிய, வயிறு நோகச் சிரித்தாள். கை முக்காட்டைத் தேடவே இல்லை. மக்கீன் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருசம் இது தனக்குக் கிடைக்காமல் போயிற்றே என்று அவருக்குக் கவலையாகக்கூட இருந்தது. கடைசியில் அந்தத் தேத்தண்ணியை ஹவ்வா உம்மாவே குடித்துவிட்டு, அனீஸாவுக்கு வெதுவெதுப்பாகப் பால் கொண்டுவந்தார்.

கல்யாணத்தன்று புது உறை எது என்று உறவு முழுக்கத் தேடியும் ஒருவருக்கும் பிடிபடவில்லை. மணமகளுக்குப் பக்கத்தில் அவளுடைய உம்மா அனீஸா, அவளுக்குப் பக்கத்தில் ஹவ்வா உம்மா. படம் பிடிக்க வந்த நஸீப் கெமராவிலிருந்து தலையைத் தூக்கினான்.

"சாச்சி, வாய கொஞ்சம் மூடுங்க. லேசாச் சிரிச்சாப் போதும்."

"எல்லாப் படத்துலயும் மூடிக்கிட்டுத்தான் நின்டேன், மகன்" என்றாள் அனீஸா. "இதுல மூட மாட்டேன். எடுங்க."

நஸீப் எடுத்தான்.